காது எட்டிய பிள்ளை

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பத்து வயது வரைக்கும் பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும் என்று கவர்மெண்ட் சட்டம் போட்டதும், இலங்கையில் பூனாகலைப் பக்கம் எங்கள் தோட்டத்திலும் ஒரு பள்ளிக்கூடம் முளைத்தது. அதைப் பள்ளிக்கூடம் என்று சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது. கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தின் கடைசிக் காம்பரா அது, ஒரே ஒரு அறை. மழை பிடித்தால் தகரத்துச் சத்தத்தில் பாடம் நின்றுவிடும். என் வீட்டுக்காரர் அங்கே வாத்தியார். பதுளையில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் நாலெழுத்துப் படித்திருந்ததால் சின்னப் பிள்ளைகள் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, வாத்தியாரம்மா என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

வந்தவர்களில் பையன்கள்தான் அதிகம். அவர்களிலும் கொஞ்சம் வளர்ந்தவன் திடீரென்று காணாமல் போவான். விசாரித்தால் மலையில் புல்லு வெட்டிக்கொண்டிருப்பான். பெண் பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வருகிறவளும் இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருவாள், அவன் அழுதால் எழுந்து போய்விடுவாள். கூலிகளைக் கட்டி வேலை வாங்குகிற கங்காணி வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் பாய். தப்படிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசலோரம் வெறும் தரை. ஒரு நாள் எல்லாரையும் கலந்து உட்கார வைத்தேன். மறுநாள் முன்வரிசை முழுக்கக் காலி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாயைச் சுருட்டி அடுப்பில் வைத்திருப்பேன், என் வீட்டுக்காரர்தான் பிடுங்கி வைத்தார்.

பெண் பிள்ளைகள் போதாது என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் குறை சொல்லிவிட்டுப் போனார். உடனே, புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு வந்தது. சேர்ப்பதற்கு வயது தெரிய வேண்டுமே? பிறந்த தேதி யாரிடமும் இல்லை. "பெரிய மழையில மண்ணு சரிஞ்சுச்சே, அந்த வருசமுங்க" என்பாள் தாய். அதனால் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் செய்கிற மாதிரியே இங்கேயும் செய்தார்கள். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் படிக்கிற வயது வந்துவிட்டது என்று கணக்கு.

எங்கள் லயத்தில் கொழுந்து எடுக்கிற ஒருத்தி இருந்தாள். புருசன் செத்துப்போனவள். மூத்த பிள்ளைகள் எல்லாம் மலை வேலைக்குப் போய்விட்டன. கடைசி மகளையாவது படிக்க வைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆசை. முதல் தடவை கூட்டிக்கொண்டு வந்தபோது பிள்ளையின் விரல் காதுக்கு எட்டவில்லை. அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் அந்தச் சின்னக் கையில் எண்ணெய் தேய்த்து நீவி நீவி இழுப்பாள். "எட்டும்டி, இன்னுங் கொஞ்சம் இழு!" என்று அவள் சொல்வது எங்கள் காம்பரா வரை கேட்கும்.

இந்தத் தடவை பிள்ளை கையை வளைத்துக் காதை முழுசாகப் பிடித்துத் திருகிக் காட்டியது. தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க வாத்தியாரம்மா, காது முழுக்கக் கைக்குள்ள!" என்றாள்.

பக்கத்தில் நின்ற பெரிய கங்காணி சிரித்தார். அவர் கூட்டத்தில் ஆள் கூடினால் அவருக்கு லாபம். "காது முழுசும் கைக்குள்ள வந்துருச்சுன்னா பத்து வயசு தாண்டியாச்சு. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு அனுப்பு" என்றார்.

பெரட்டு என்றால் விடியுமுன் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். அந்தப் பிள்ளைக்கு ஆறு வயதுகூட நிறைந்திருக்காது. நான் அதன் வாயைத் திறந்து காட்டினேன்.

"பல்லைப் பாருங்க கங்காணி! பால் பல்லு இப்பத்தான் விழுந்திருக்கு. இதுக்கா பத்து வயசு? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"மாட்டுக்குத்தாம்மா பல்லுப் பாப்பாங்க" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை.

விடுவேனா? அந்தப் பக்கம் குதிரையில் வந்த துரையை மறித்து முறையிட்டேன். கூட வந்த கணக்கப்பிள்ளை நான் சொன்னதை இங்கிலீசில் சொன்னார், துரை சொன்னதைத் தமிழில் சொன்னார். தீர்ப்பு இதுதான்: பிள்ளையின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் பதிந்துகொள்ளலாம், பெண் பிள்ளைகள் கணக்குக்கு ஆகும். பிள்ளை மலைக்குப் போகட்டும். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தால் போதும். என்ன நியாயம் இது, தூ!

அப்படித்தான் நடந்தது. இன்ஸ்பெக்டர் வந்த காலையில் அதை மலையிலிருந்து கூட்டி வந்து முகம் கழுவி முன்வரிசையில் வைத்தார்கள். விரலெல்லாம் கொழுந்துக் கறை. சிலேட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் தடவிக்கொண்டே இருந்தது. பெண் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், நல்லது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன்.

"ஐயா, இது இங்க படிக்கிற பிள்ளை இல்லைங்க. கொழுந்து எடுக்கிற பிள்ளை. கையைப் பாருங்க. இன்னிக்கு உங்களுக்குக் காட்டத்தான் கொண்டாந்து வச்சிருக்காங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் துரையைப் பார்த்தார், துரை ஏதோ சொல்லிச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் இருந்த அந்தப் பிள்ளையின் பெயரை அடித்தார். சட்டம், தண்டனை, ஒரு மண்ணும் இல்லை. பெயரை அடித்துவிட்டுப் பங்களாவுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

மறுநாளே எங்களைத் தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அந்தத் தாய் கூடையோடு பாதையில் நின்றாள். இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நல்லா இருப்பீங்களா நீங்க?" என்றாள். "பேரு இருந்துச்சு. இன்ஸ்பெட்டரு வர்ற அன்னிக்காச்சும் எம்புள்ள சிலேட்டத் தொட்டுச்சு. இனி அதுவும் இல்லையே! யாரு கேட்டா உங்க நியாயத்த?"

என் வீட்டுக்காரர் நடையைக் கட்டினார். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கங்காணியை அவளால் திட்ட முடியாது, துரையைத் திட்ட முடியாது. திட்டக் கிடைத்தவள் நான் ஒருத்திதான். அவள் திட்டி முடிக்கிற வரைக்கும் நின்றேன். பிறகு அவள் மகளைக் கூப்பிட்டுக்கொண்டு மலைக்குப் போனாள்.