மண் அணைமேல் தட்டு மாற்றிய கதை

தாராவியில் எங்கள் வீடு ஒற்றை அறை. நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் சந்தில் நிற்க வேண்டும். அதனால் என்னைப் பெண் பார்க்கும் வைபவம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகு விடும் ஒரு பூங்கா ஏரிக்கரையில் நடந்தது. மாப்பிள்ளை வீடு ஊரின் மறுகோடியில், முலுண்டில். ரெண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது என்று இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் என் தாய்மாமா.

அந்த ஏரியை வெள்ளைக்காரன் காலத்து மண் அணை ஒன்று தாங்கி நிற்கிறது. மேலே புல், தண்ணீர்ப் பக்கம் கல் பாவியிருக்கும். மற்றவர்கள் அதன்மேல் நின்று செல்ஃபி எடுப்பார்கள். எங்கள் ஆட்கள் பாய் விரித்துத் தாம்பூலத் தட்டை வைத்தார்கள். "கரைன்னா இதுல்லா கரை!" என்று மாமா காலால் மிதித்துப் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளையை அவ்வளவு சோதித்ததாக ஞாபகம் இல்லை.

எனக்கு ஒரே கேள்விதான். வாஷியில் ஒரு ஆபீசில் கணக்கு வேலை பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் போகலாமா? முன்பு வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் பாடம் ஒப்பித்ததுபோல், "அம்மாகிட்ட கேக்கணும்" என்றார்கள். அந்த அம்மாக்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவரும் அதையே சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன்.

தனியாகப் பேசட்டும் என்று எங்களைப் பெடல் படகில் ஏற்றிவிட்டார்கள். அவருக்கு மிதிக்கத் தெரிந்தது, திருப்பத் தெரியவில்லை. படகு நேரே போய் ஆகாயத்தாமரையில் சொருகிக்கொண்டது.

"டென்ஷன் நஹி லேனே கா" என்று இந்தியில் எனக்குத் தைரியம் சொன்னார், வேர்த்து ஊற்றியபடி.

இதுதான் சமயம் என்று கேட்டேன். இன்னும் ரெண்டு மிதி மிதித்துவிட்டுச் சொன்னார்.

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

ஒருவழியாகப் படகுக்காரர் வந்து கயிறு கட்டி இழுத்தார். அதற்குள் அணைமேல் வேறு கணக்குப் போட்டிருந்தார்கள். "இம்புட்டு நேரம் பேசுதுகன்னா பிடிச்சுப் போச்சுன்னுதான அர்த்தம்?" என்று மாமா சொல்ல, தட்டு மாற்றியாகிவிட்டது. எல்லோர் வாயிலும் வெற்றிலை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நேராக அவருடைய அம்மாவிடம் போனேன்.

"உங்ககிட்ட கேக்கணுமாம். கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா, கூடாதா?"

மாமாவுக்குப் புரையேறியது. அந்த அம்மா மகனை ஒருதரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"எங்க வீட்டு ஆம்பளைங்க இன்னைய வரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல, தாயி. இப்ப தட்டு மாத்துனதுக்குக்கூட கேக்கல. நீதான் கேட்டிருக்க. வேலைக்குப் போ."

அந்த இடத்தில்தான் எனக்குச் சம்மதம் வந்தது.

இன்றும் வாஷிக்குப் போய் வருகிறேன். அவர் இன்றும் எதற்கெடுத்தாலும் "அம்மாகிட்ட கேக்கணும்" என்கிறார்.

"இப்பவே போய்க் கேளுங்க" என்பேன்.

எழுந்து போய்க் கேட்கிறார்.