சொல்லாமல் போன புதன்கிழமை

ஒருவர் வீட்டுக்குப் போகுமுன் போன் பண்ணிச் சொல்வது எங்கள் குடும்பப் பழக்கம். சொல்லாமல் போய் நின்றால் அடுப்பில் ஒன்றும் இருக்காது, அவர்களுக்குத்தான் சங்கடம். புசல்லாவையில் மகனோடு இருக்கும் சித்தப்பாவைப் பார்க்க மாதம் ஒருமுறை போகும்போதும் கண்டியில் பஸ் ஏறியதும் தம்பிக்கு, அதாவது சித்தப்பாவின் மகனுக்கு, சொல்லிவிடுவேன்.

போய்ச் சேரும்போது சித்தப்பா முகம் மழித்து, வெளுத்த சாரம் கட்டி, முன்னறைக் கதிரையில் உட்கார்ந்திருப்பார். எண்பதைத் தாண்டியவர். ஞாபகம் வரும், போகும். வீடு திரும்பியதும் அவர் எப்படி இருந்தார் என்று நாட்குறிப்பில் எழுதி வைப்பேன்.

ஒரு புதன்கிழமை அலுவலக வேலையாகக் கம்பளைக்குப் போனேன். முற்பகலிலேயே வேலை முடிந்துவிட்டது. போனில் சார்ஜ் இல்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று புசல்லாவை பஸ்ஸில் ஏறினேன்.

முன்கதவில் வெளிப்பக்கம் ஆமைப்பூட்டு தொங்கியது. தம்பியும் மனைவியும் வேலைக்குப் போயிருப்பார்கள். சித்தப்பாவை யார் வீட்டிலாவது விட்டிருப்பார்கள் என்று திரும்பினேன். கதவுக்குப் பக்கத்து ஜன்னலுக்குள் இருமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

சித்தப்பா நனைந்த சாரத்தோடு வெறுந்தரையில் கிடந்தார். பல நாள் தாடி. தண்ணீர்ச் செம்பு எட்டாத தூரத்தில் கவிழ்ந்திருந்தது.

"யாரு?"

"நான்தான் சித்தப்பா."

"தண்ணி இருக்கா?"

ஜன்னல்வரை தவழ்ந்து வந்தார். கம்பி வழியாக நான் கொடுத்த தண்ணீர்ப் போத்தலை முழுவதும் குடித்துவிட்டுச் சொன்னார்: "அவன்கிட்ட ஒன்னும் கேட்டுறாத. சோறு வச்சிட்டுத்தான் போறான்."

ஜன்னலடியிலேயே காத்திருந்தேன். நாலரைக்குத் தம்பியும் மனைவியும் வந்தார்கள்.

"என்னண்ணே, சொல்லாம கொள்ளாம?"

"எத்தன நாளா இப்புடிப் பூட்டிட்டுப் போறீங்க?"

"பூட்டலன்னா ரோட்டுக்கு எறங்கிருவாரு. பஸ்ஸு அடிச்சா நீங்களா வந்து பதில் சொல்வீங்க? மாசத்துக்கு ஒருக்கா பிஸ்கட் பெட்டியோட வாற விருந்தாளிக்கு என்ன தெரியும்?"

பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைக்கலாமே என்று மட்டும் கேட்டேன்.

"எங்க வீட்டு நாத்தத்த ஊருக்கே காட்டவா?" என்றான். அவன் மனைவி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். 'முகம் மழித்திருந்தது' என்று ஒவ்வொரு மாதமும் திருப்தியோடு எழுதியிருக்கிறேன். ஓரிடத்தில், 'கன்னத்தில் பிளேடு கீறல், இரத்தம் காயவில்லை.' இன்னோரிடத்தில், 'தலை ஈரம். மாலை மூன்று மணி.' எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். கண்டியிலிருந்து பஸ் வந்து சேரும் நேரத்துக்குள் ஒரு மனிதரைக் கழுவித் துடைத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும் தோன்றவில்லை.

தம்பி கெட்டவன் இல்லை. ஆனால் செம்பு மறுபடியும் கவிழ்ந்தால் யார் எடுத்துக் கொடுப்பது? வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, அவர்கள் பகுதிப் பிரதேச செயலகத்தில் முதியோர் விடயம் பார்க்கும் உத்தியோகத்தரிடம் போனேன். தமிழ்ப் பெண். பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார். உறவுமுறை என்ற இடத்தில் 'அண்ணன் மகன்' என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது.

"உங்க பேரச் சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"நாங்க வாறத அவங்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கவா?"

"வேணாம்மா. சொல்லாம போங்க."

போனார்கள். இப்போது பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கிறது. அந்த வீட்டு அக்கா பகலில் இரண்டு தடவை வந்து பார்க்கிறார். தம்பியின் மனைவி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு மதியமே வந்துவிடுகிறாள். தம்பி என்னோடு பேசுவதில்லை. நான் போனால் கொல்லைப்பக்கம் போய்விடுவான்.

நானும் இப்போது போன் பண்ணுவதில்லை. சித்தப்பா பெரும்பாலும் தாடியோடுதான் இருக்கிறார். சுடுதண்ணீர் கேட்டால் தம்பியின் மனைவி கொண்டுவந்து வைக்கிறாள். மெதுவாக மழித்துவிடுகிறேன்.