எண்ணெய்ச் சொட்டின் பிடி

முப்பத்தைந்து வயது வரை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவள் அவள். கடையை மூடிவிட்டார்கள். கை நடுங்காதவள் என்று கேள்விப்பட்டு, பழைய பேட்டரிகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே எல்லாருக்கும் அவள் ‘சொட்டக்கா’.

பழைய பேட்டரியை அரைத்தால் கறுப்புப் பொடி வரும். கரித்துகளும் உலோகத்துகளும் அதில் கலந்து கிடக்கும். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காற்றை ஊதினால், எண்ணெய் பிடித்த கரி நுரையோடு மேலே வந்துவிட வேண்டும்; உலோகம் அடியில் தங்க வேண்டும். அந்த எண்ணெயின் பிடியை அளப்பதுதான் அவள் வேலை. தலைமுடியைவிட மெல்லிய தகட்டின் நுனியில் ஓர் எண்ணெய்ச் சொட்டு. நுண்ணோக்கியில் பார்த்தபடி, நீருக்குள் அதை ஒரு துகள்மேல் அழுத்தி மெல்ல இழுப்பாள். சொட்டு விடுபடும்முன் தகடு எவ்வளவு வளைகிறதோ, அவ்வளவு பிடி.

ஐந்து மாதமாக அளவுகள் உதைத்தன. பக்கத்திலிருந்த மறுசுழற்சித் தொழிற்சாலையிலிருந்து வந்த பொடியில் கரியையும் உலோகத்தையும் சொட்டு ஒரே மாதிரிதான் பிடித்தது. அங்கே தொட்டியைப் பார்த்துக்கொள்பவன் அவள் கணவன். எதுவும் பிரியவில்லை என்று வீட்டில் அவன் புலம்பல் வேறு.

“அக்கா, உங்க கைதான் எங்கயோ வழுக்குது,” என்றார் அவளைவிட இளையவரான தலைமை ஆய்வாளர்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள், பேட்டரிக்குள்ளேயே போகாத புதுக் கரியை எடுத்து அளந்தாள். சொட்டு விடவே மாட்டேன் என்றது. நாற்பது முறை அளந்தாள், நாற்பதும் ஒன்றுபோல.

“என் கையில தப்பில்ல மேடம். பொடி மேலதான் ஏதோ படிஞ்சிருக்கு.”

இருவரும் தேடிப் பார்த்தார்கள். துகள்கள்மேல் மெல்லிய படலம்: பேட்டரி செய்யும்போது பூசிய பசை. கொஞ்சம் பொடியை உலையில் சுட்டுப் பசையைப் போக்கி, மீண்டும் அளந்தாள். கரிமேல் பிடி நான்கு மடங்கு. உலோகத்தின்மேல் ஒட்டியும் ஒட்டாமலும்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா.”

“விடுங்க மேடம். நீங்க சொன்ன வீம்புலதானே நாப்பது தடவை அளந்தேன்.”

அடுத்த வாரம் ஒரு தொட்டிக்கு மட்டும் சுட்ட பொடி போனது. மதியம் கணவன் போன் செய்தான்.

“இங்க பாரு, நுரை கன்னங்கரேல்னு பொங்குது! அடியில உலோகம் தனியா நிக்குது. என்னதான் செஞ்சீங்க?”

“பசையை எரிச்சோம், அவ்வளவுதான். இரு, வர்றோம்.”

தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இருவரும் தொட்டி மேடையில் ஏறினார்கள். இன்னும் கொஞ்சம் உலோகம் நுரையோடு தப்பிப் போகத்தான் செய்கிறது, இன்னும் சின்னச் சொட்டுகளை முயல வேண்டும் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொட்டக்காவின் காதில் ஏறவில்லை. இத்தனை மாதம் புள்ளியளவில் பார்த்ததைத் தொட்டி நிறையப் பார்த்தபடி நின்றாள்.