காயாத மஞ்சள் காலுறை

இதை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பயத்தில் உளறுகிறாள் என்பார்கள். ஆனால் நேரம் உட்பட எதையும் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த மூன்று மாலையும் என் கைக்கடிகாரம் 4.37 காட்டியது. பேட்டரி விஷயமும் உண்மை. இலை விஷயமும் உண்மை.

டான்யூப் ஆற்றங்கரையில், எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் எனக்கு உதவியாள் வேலை. பத்தாவதோடு பள்ளியிலிருந்து நின்றுவிட்ட எனக்கு அதை வாங்கித் தந்தது அங்கே தலைமைப் பணியாளராக இருந்த ரும்யானா அக்கா. இல்லத்தில் இருபத்திரண்டு பேர். எல்லோருக்கும் ஞாபகம் போய்விட்டது. டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். இருட்டத் தொடங்கியதும் "வீட்டுக்குப் போகணும்" என்று ஆளாளுக்கு எழுந்துவிடுவார்கள். விழுவதும் அப்போதுதான்.

விழாமல் தடுக்க அந்த வருடம் புதுத் திட்டம் வந்தது. தடுமாறுகிறவர்களுக்கு, அடியில் ரப்பர் புள்ளி வைத்த மஞ்சள் காலுறை. கட்டிலருகே ஒரு விரிப்பு. கால் பட்டால் அதோடு இணைந்த பெட்டி அலறும். அரை மணிக்கு ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்து. தரையில் சொட்டுத் தண்ணீர் கூடாது. அந்தப் பெட்டிகளுக்குப் பேட்டரி போட்டது நான். எது எந்த அறைக்கு என்று ஒவ்வொரு பேட்டரியிலும் நீல மையில் எண் எழுதி வைத்ததும் நான்தான்.

ஆறாம் அறையில் நய்டென் தாத்தா. நாற்பது வருடம் ரயிலுக்குக் கொடி காட்டியவர். 4.37க்கு ஒரு ரயில் உண்டு. அதை நிறுத்தியே இருபது வருடமாகிறது. ஆனாலும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவார். அதனால் 4.30க்கே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பேன்.

"வந்துடுச்சா?"

"வந்து போயாச்சு தாத்தா. லைன் கிளியர்."

"கெட்டிக்காரி. உன்னை ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கிடறேன்."

உட்கார்ந்துவிடுவார். அவ்வளவுதான்.

டிசம்பர் பதினொன்று. மாலை 4.20. ரும்யானா அக்கா வந்தாள்.

"கோழிக்குஞ்சே, சலவை அறைக்குப் போ. துணியெல்லாம் மலை மாதிரி கிடக்கு."

"தாத்தாவுக்கு நேரமாச்சே அக்கா..."

"நான் பார்த்துக்கறேன் போடி. நேத்து வந்தவ எனக்குச் சொல்லித் தர்றா!"

போனேன். 4.37க்கு அலாரம் கேட்கவில்லை. தொப்பென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

வாசலுக்குப் போகும் நடையில், ஈரத்தில் கிடந்தார் தாத்தா. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

"மூணு மணிக்கு நீதானே தரை துடைச்சே?" என்றாள் அக்கா.

துடைத்தேன். காய்ந்ததாகத்தான் ஞாபகம்.

"காயலைடி. அலாரத்தையும் போடாம விட்டிருக்கே. சரி, தப்பு உன்னோடதுன்னு எழுதியிருக்கேன், இதுல கையெழுத்துப் போடு. மேலிடத்துல நான் பேசிக்கறேன்."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நம்பினேன். தாத்தாவைக் கொன்றது நான்தான் என்று முழுசாக நம்பினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் இறந்த ஒன்பதாம் நாள். ஆறாம் அறை காலி. விரிப்பைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். 4.37...

பீ... பீ... பீ...

ஓடினேன். யாருமில்லை. சுருட்டிய விரிப்பு சுருட்டியபடியே இருந்தது. சத்தம் நின்றது.

மறுநாள், அதே 4.37. பீ... பீ... எதிர் அறைக் கிழவி வெறும் நடையைப் பார்த்துக் கையசைத்தாள்.

"நய்டென் போறான். குளிர்ல கோட்டு கூட இல்லாம."

மூன்றாம் நாள் அறை வாசலிலேயே நின்றேன். அலறியது. குளிர்ந்த காற்று என்னைத் தாண்டிப் போனது.

தரையில் புள்ளிகள்... ஈரப் புள்ளிகள்... ரப்பர் புள்ளிகளின் அச்சு.

ஒரு கால். இன்னொரு கால்.

ஆள் இல்லை. அச்சு மட்டும் விழுந்துகொண்டே போனது.

சர்ர்... சர்ர்...

பணியாளர் அறைக்குள் போனது. பின்னாலேயே போனேன்.

அலமாரி முன் நின்றது.

மேல்தட்டில் அக்காவின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு செம்புக் கெண்டி. கழுத்தில் சிவப்பு நூல். அதில் இலையும் பூவுமாக வாடிய ஜெரேனியக் கொத்து.

கை தானாக ரேடியோவின் பின்மூடியைத் திறந்தது.

இரண்டு பேட்டரி.

நீல மை.

6... 6...

ஓடிப்போய் ஆறாம் அறைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெறும் தூசி. அப்படியானால் இவ்வளவு நேரம் அலறியது எது?

கெண்டி எதற்கென்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பயணம் போகிறவர் காலுக்கு முன்னால், வழி தண்ணீர் போல ஓடட்டும் என்று ஜெரேனியம் கட்டிய கெண்டியிலிருந்து தண்ணீர் ஊற்றுவோம். பதினொன்றாம் தேதிதான் அக்காவின் மகன் பிளாமென் ஜெர்மனிக்குக் கிளம்பினான். அம்மாவிடம் சொல்லிக்கொள்ள இல்லத்துக்கே வந்திருக்கிறான். நான் சலவை அறையில் இருந்தேன்.

பேட்டரிகளை அக்கா முன்னால் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வாய்த் தண்ணிதாண்டி. என் ஒரே பிள்ளை. ஊத்தாமலா அனுப்புவேன்? துடைக்கத் துணி எடுக்கத்தான் திரும்பினேன்..."

"என்னைக் கொலைகாரின்னு நம்ப வெச்சீங்களே அக்கா."

"உனக்குப் பத்தொன்பது வயசு. எங்கே போனாலும் பொழைச்சுக்குவே. எனக்கு ஐம்பத்தெட்டு. யார் வேலை கொடுப்பா?" பேட்டரிகளை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "கையெழுத்து உன்னோடது. நாலு பேர் முன்னாடி உனக்கு வாயும் வராது. போ, கோழிக்குஞ்சே."

மறுநாள் என் வேலை போனது.

நாற்பதாம் நாள் கல்லறைக்குப் போய்த் தள்ளி நின்றேன். தாத்தாவின் மகள் பென்கா, இறந்தவர் நினைவாகத் தரும் அவித்த கோதுமையை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"தரையை நனைச்சது நீன்னு சொன்னாங்க."

இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்பா கால் வீங்கி செருப்பு ஏறலை. அந்த மஞ்சள் காலுறையோடதான் சவப்பெட்டியில வெச்சோம். முன்னாடி துவைச்சு அடுப்போரம் போட்டேன். மூணு தடவை. காயவே இல்லை. ஈரத்தோடவே மாட்டினேன். அடியில இது ஒட்டியிருந்துச்சு."

கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

ஒரு ஜெரேனிய இலை.

"எங்க வீட்டுல யாரும் ஊருக்குப் போகலை. அன்னிக்கு அங்கேயிருந்து பயணம் கிளம்பினது யாரும்மா?"

சொன்னேன். பெயரைச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

 அவள் என் உள்ளங்கையில் கோதுமையை வைத்தாள். இலையை மறுபடி மடிக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் பார்த்தேன்.

நாற்பது நாள் பைக்குள் கிடந்த இலை.

பச்சையாக இருந்தது.

காகிதம் நனைந்திருந்தது.