காய்ச்சல் நேரத்துச் சீனி

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. அந்த நேரத்தில் அது பேசினால் யாரோ இறந்த செய்திதான் என்று மருதமுனையில் எல்லாரும் கைவேலையை நிறுத்திக் கேட்பார்கள். முதலில் றிஸ்னாவுடைய வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள். பிறகு "அவர்களின் மகள்" என்றார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. றிஸ்னா கண் விழித்ததும் ஆஸ்பத்திரியில் கொடுக்க உயிரியல் குறிப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உம்மா வந்து பையை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

உயர்தர வகுப்பில் இரண்டு வருடம் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் றிஸ்னா. பாடசாலைச் சஞ்சிகைக்கு அவளைப் பற்றி எழுதும்படி ஆசிரியை சொன்னபோது, அவளுடைய கெட்டித்தனத்தையும் பகிடிகளையும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஊரில் ஒரு கதை நடமாடுகிறது. அவளின் உம்மா இன்சுலின் ஊசியை நிறுத்தியதால்தான் அவள் மௌத்தானாள் என்கிறார்கள். அந்தக் கதையைத் திருத்தாமல் நான் எழுதுகிற எந்த அஞ்சலியும் பொய்யாகிவிடும். அவளைத் தெரிந்த நீங்கள் முழுவதையும் வாசிக்க வேண்டும்.

றிஸ்னாவுக்குப் பத்து வயதிலிருந்தே சீனி வருத்தம். அவள் உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை, ஊசியால்தான் ஏற்ற வேண்டும். இடைவேளையில் கடைசி வாங்கில் இருந்தபடி தானே போட்டுக்கொள்வாள். ஒருநாள் ஒருத்தி, "இப்பிடிக் குத்திக் குத்தித் திரிஞ்சா ஒன்னய ஆரு புள்ள கல்யாணம் முடிக்கிற?" என்று கேட்டுவிட்டாள். றிஸ்னா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கொடுத்து வெச்சவன்டி அவன். தேத்தண்ணிக்கு அவனுக்கு மட்டும் சீனி வாங்கினாப் போதும்," என்றாள். கேட்டவள்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

விஞ்ஞான தினத்தில் பேச அவள் எடுத்த தலைப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிருமி தொற்றும்போது நோயை எதிர்க்கும் உயிரணுக்கள், அதாவது கலங்கள், சீனியை எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதே அது. "என்ட எதிரி சீனிதானே. அது மத்தாக்கள்ற உடம்பில என்னத்தச் செய்யுது எண்டு பாப்பம்," என்றாள். சாதாரண நாட்களில் ஒரு வெண்குருதிக்கலம் சீனியை ஒட்சிசனுடன் ஆறுதலாக, முழுவதுமாக எரிக்கும். கொஞ்சச் சீனியிலேயே நிறையச் சக்தி கிடைக்கும். கிருமி வந்ததும் அதே கலம் முறையை மாற்றிக்கொள்ளும். பல மடங்கு சீனியை உள்ளே இழுத்து, அவசரமாகப் பாதி உடைத்து, மீதியை இலற்றிக்கமிலமாக வெளியே தள்ளும். ஒத்திகையின்போது, ஏன் இந்த வீண்செலவு என்று நான் கேட்டேன்.

"மாரில வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தா நீ உடுப்ப மடிச்சி மடிச்சியா அடுக்குவாய்? அள்ளிக்கிட்டு ஓடுறதானே! அந்த நேரம் வேகம்தான்டி வேணும். மறுகா, சீனி விறகு மட்டுமில்ல. ஒடச்ச துண்டுகளால கலம் தனக்கு ஆயுதமும் கட்டும். அது வீணில்ல."

அதையே மேடையிலும் சொன்னாள்; மண்டபம் கைதட்டியது. அந்த விளக்கம் என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது.

போன மாரிக்காலத்தில் அவளுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். இரண்டு வாய் கஞ்சி குடித்து அதையும் வாந்தியாகச் சத்தி எடுத்திருந்தாள். சீனி பார்க்கும் கருவிக்கான பட்டிகள் முடிந்திருந்தன. அவளின் உம்மா தறியை நிறுத்திவிட்டு இன்சுலினைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"சோறு தண்ணி ஒண்டும் இறங்கல்ல. இதப் போட்டா சீனி ஒரேயடியா விழுந்திருமோ எண்டு பயமா இரிக்கி. மகள், நீயும் பயோதானே படிக்கிறாய். சொல்லன்."

நான் யோசித்தேன். அதுதான் இன்றுவரை என்னைப் பயமுறுத்துகிறது. நான் வாய்க்கு வந்ததை உளறவில்லை. படித்ததை வைத்து ஒழுங்காகக் கணித்தேன். காய்ச்சல் என்றால் கிருமி. கிருமி வந்தால் கலங்கள் சீனியை அள்ளும். அள்ளினால் இரத்தத்தில் சீனி குறையும். சாப்பாடும் இல்லை. ஊசியும் போட்டால் ஆபத்து.

"இண்டைக்கு விடுங்க மாமி. கலங்களே சீனியத் திண்டு முடிச்சிரும்," என்றேன்.

றிஸ்னா கண்ணைத் திறந்தாள். "கிளினிக்கில ஊசிய விடப்படாது எண்டுதானே சொன்ன..."

"நீ பேசின பேச்சுத்தானடி இது," என்றேன். வாதாட அவளுக்குச் சக்தி இருக்கவில்லை. மாமி இன்சுலினைத் திரும்பவும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார்.

நான் விட்ட பிழை இதுதான். ஒரு கலத்தைப் பற்றிப் படித்ததை முழு உடம்புக்கும் சொல்லிவிட்டேன். கிருமி தொற்றினால் ஈரல் தன் சேமிப்பைத் திறந்து இரத்தத்துக்குள் சீனியைக் கொட்டும். தசைகள் இன்சுலினுக்கு முன்போலக் கீழ்ப்படியா. அதனால் பட்டினி கிடந்தாலும் சீனி ஏறும். இன்சுலினே இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும், இரத்தம் அமிலமாகும். அன்றைக்கு அவளுக்கு வழக்கத்தை விடக் கூடுதலான இன்சுலின்கூடத் தேவைப்பட்டிருக்கலாம். இப்படியானவர்களுக்குக் காய்ச்சல் வந்து சத்தியும் எடுத்தால் ஊசியை நாமாக நிறுத்தக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை வாசிக்கிற உம்மாமார் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் பின்னேரம் அவளுக்கு மூச்சு நீளமாகவும் வேகமாகவும் வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "ஊசிய நிப்பாட்டச் சொன்னது ஆரு?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் மாமி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் றிஸ்னா கொஞ்சம் தெளிந்தாள். மாமி நண்பகல் லுஹர் தொழப் போயிருந்த நேரம் அது. "கலம் வேற, உடம்பு வேறடி," என்றாள். "பேச்சில நானும் அதச் சொல்லல்ல. ரெண்டு பேரும் பெயில்." நான் அழுதேன். "அழாத. உம்மாட்டச் சொல்லு, அவட பிழையில்ல எண்டு. நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொல்லுவாய்தானே?"

"ஓம்," என்றேன்.

அதன் பிறகு அவள் பேசவில்லை. நெஞ்சிலிருந்த கிருமி இரத்தத்திலும் பரவிவிட்டதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் பள்ளிவாசலில் அந்த அறிவித்தல் கேட்டது.

றிஸ்னாவின் உடல் கிடந்த மையித்து வீட்டில் பெண்கள் மெதுவாகக் கதைத்தார்கள். "தாய்தானாம் ஊசிய விட்டது. படிப்பில்லாத மனிசி, என்ன செய்யிற." படிப்பில்லாதவர் சந்தேகப்பட்டுக் கேட்டார். படித்தவள்தான் பிழையாகச் சொன்னாள். அந்தப் படித்தவள் அவர்களுக்கு நடுவில் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை விரித்துவைத்தபடி பேசாமல் இருந்தாள்.

நேற்று இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மாமியிடம் போனேன். தறியடியில் நின்றே முழுவதையும் வாசித்தேன். டொக்டரிடம் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒன்னட்டக் கேட்டது நான். போடாம விட்டது என்ட கை. ஒரு கொமருப் புள்ளயப் போய்க் காட்டிக் குடுக்கவா?" என்றார். நூலைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆனா அவள் சொன்னத ஏன், மகள், இவ்வளவு நாளும் சொல்லாம வெச்சிரிந்தாய்? நான் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும், என்ட புள்ளய நானே போக்காட்டிட்டன் எண்டு அல்லாஹ்ட்ட அழுதுட்டு இரிந்தன்."

நான் புறப்படும்போது, "இதச் சஞ்சிகைக்குக் குடு. அவள் சொன்னதில ஒரு சொல்லும் வெட்டாத," என்றார். என் தலையில் கை வைக்கவில்லை. எப்போதும் வைப்பவர்.

றிஸ்னாவின் கொப்பிகளையும் அவள் எனக்குத் தந்த பேனையையும் மாமியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவை அவருக்குச் சேர வேண்டியவை. அவள் கேட்டதற்கு நான் சொன்ன 'ஓம்' மட்டும்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதை நிறைவேற்ற எனக்கு இத்தனை நாள் எடுத்தது.