ஐந்தாவது கம்ப்யூட்டரும் ஆயுத பூஜையும்

இன்று ஓசூரில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? தளி ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் திம்மராயன் அண்ணனை! கீபோர்டு வாங்கத்தான் போனேன். அவர் மேசைமேல் கண்ணாடி டம்ளருக்குள் விரல்நுனி அளவில் ஒரு உலோக மூடி உட்கார்ந்திருந்தது. "இது என்னாண்ணா?" என்று கேட்டதுதான். சிரித்துச் சிரித்து இன்னும் வயிறு வலிக்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அது 1997. ஜவளகிரி விவசாயக் குடும்பத்துத் திம்மராயன் ஐ.டி.ஐ. முடித்து, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஆபீசுக்கு நான்கு கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவர் கண் அங்கேயேதான். பெங்களூர் ஆள் பழுதுபார்க்க வரும்போதெல்லாம் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். ஐந்தாவது கம்ப்யூட்டர் வந்தபோது பெங்களூர் ஆள் பூஜை லீவில் ஊருக்குப் போய்விட்டார்.

"நானே மாட்டிடறேன் சார்" என்றார் திம்மராயன்.

மேனேஜர் அண்ணாதுரை ஏற இறங்கப் பார்த்தார். "பதினோரு மணிக்குப் பூஜை. மொதலாளி தேங்கா ஒடச்சிட்டு வந்து புதுசுல பட்டன அழுத்துவாரு. ஸ்டோர்ஸ்ல இருக்கற பிரிண்டர்ல ஸ்டாக் லிஸ்ட் வரணும். வந்துச்சுன்னா நீ இனிமே கம்ப்யூட்டர் ரூமு. வரலன்னா திரும்ப ஃபியூஸ் கட்டைதான், சொல்லிட்டேன்."

அந்தக் காலத்து நெட்வொர்க் ஒற்றைக் கேபிள்தான். பூச்சரம் மாதிரி ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் கோத்துக்கொண்டு போகும். இரண்டு நுனியிலும் ஒரு சின்ன மூடி திருகியிருக்க வேண்டும். ஒரு மூடி கெட்டாலும் சரம் மொத்தமும் செத்துப்போகும்.

ஆயுத பூஜையன்று காலையில் திம்மராயன் நான்காவது கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, கேபிள் எடுக்கப் போனார். திரும்பி வந்து சரத்தை ஐந்தாவது வரைக்கும் நீட்டினார். மூடியைப் புது நுனியில் திருகினார். பளபளவென்று மின்னியது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

திரையில் மற்ற கம்ப்யூட்டர்களின் பெயர்கள் தெரிய வேண்டிய இடம் காலி. ஓடிப்போய்ப் பழைய நான்கையும் பார்த்தார். அங்கேயும் காலி.

"திம்மராயா, காலைல நல்லாத்தானே இருந்துச்சு? நீ தொட்டதும் போச்சு!" என்றார் டைப்பிஸ்ட் ருக்மணி.

புது கம்ப்யூட்டரைத் திறந்தார். நெட்வொர்க் கார்டைப் பிடுங்கி, ஊதி, வேறு இடத்தில் சொருகினார். செட்டிங்கில் இருந்த எண்களை மாற்றினார். ஒவ்வொரு முறையும் 'இப்போ வரும்' என்று பிரிண்ட் கொடுத்துப் பார்த்தார். பதினான்கு முறை கொடுத்தும் ஸ்டோர்ஸில் சத்தமே இல்லை.

அண்ணாதுரை எட்டிப் பார்த்தார். "என்னாப்பா இது, பம்பக் கழட்டற மாதிரி பிரிச்சுப் போட்டிருக்க?"

பத்தரை மணிக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நஞ்சம்மா வந்தார். கம்பெனியைக் கூட்டிக் கழுவுகிறவர். பூஜைச் சாமான் விளக்குவதும் அவர்தான்.

"நவுரு சாமி, பொட்டு வெக்கணும்."

"அட போம்மா, இதுவே சாகக் கெடக்குது."

"நல்ல நாளும் அதுவுமா என்னா பேச்சு பேசற! அந்த மூடியக் கூட நான் புளி போட்டு வெளக்கி வெச்சனே, பளிச்சுனு இல்லயா?"

திம்மராயன் மெல்லத் திரும்பினார். "எந்த மூடி?"

"மேசமேல கெடந்துச்சே! மணி, வெளக்கு, கொழாத் திருகு எல்லாம் வெளக்கனேன், அத மட்டும் வுட்டுடுவனா? உள்ள ஊசியாட்டம் ஒண்ணு நீட்டிக்கினு இருந்துச்சு. அத்த சுத்திப் புளிய வெச்சு நல்லா கொடஞ்சேன். அங்கதாம்ப்பா அழுக்கு!"

கழற்றிப் பார்த்தார். உள்ளே ஈரம், புளிநார், நடுவில் சாய்ந்துபோன ஊசி. கத்தத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் நஞ்சம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"தப்புப் பண்ணிட்டனா? வேலைய வுட்டு நிறுத்திடுவாங்களா சாமி?"

கம்பெனியில் வேறு மூடி கிடையாது. திம்மராயன் திறந்த வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினார். "ஊக்கு இருக்குதா?"

வளையலில் மாட்டியிருந்த ஊக்கை நஞ்சம்மா கழற்றித் தந்தார். நாரை நோண்டியெடுத்து, ஊசியை மெல்ல நிமிர்த்தினார் திம்மராயன். நஞ்சம்மா பெயிண்ட் செக்ஷனுக்கு ஓடி, பெயிண்ட் கரைக்கும் தின்னர் கொஞ்சம் வாங்கி வந்தார். கழுவியாயிற்று. காய வேண்டுமே! மானிட்டரின் முதுகு அனலாகக் கொதிக்கும் காலம் அது. அடுப்பு முன்னால் குந்துவது போல இருவரும் அதன் பின்னால் குந்தி, மூடியைக் காட்டிக் காட்டி ஊதினார்கள்.

வெளியே தேங்காய் உடையும் சத்தம். பூஜை மணியோசை நெருங்கி வந்தது. திம்மராயன் மூடியைத் திருகவும் முதலாளி உள்ளே வரவும் சரியாக இருந்தது. திரையில் ஒவ்வொரு பெயராக முளைத்தது. முதலாளி விரலை நீட்டினார். அந்த விரல் பட்டனைத் தொடுவதற்கு முன்பே ஸ்டோர்ஸில் பிரிண்டர் கர்ர்ர்ரென்று அலற ஆரம்பித்தது. காலையிலிருந்து வரிசையில் காத்துக்கிடந்த பதினான்கு லிஸ்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தன.

"நான் இன்னும் அழுத்தவே இல்லியே?" என்றார் முதலாளி.

நஞ்சம்மா முந்திக்கொண்டு சொன்னார்: "பூசைக்கு வெளக்கன சாமானுங்க! கேக்கறதுக்கு முன்னாடியே வேல செய்யும்."

முதலாளி சிரித்துவிட்டுக் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணாதுரை மட்டும் பதினான்கு லிஸ்டையும் எண்ணி முடித்துவிட்டுத் திம்மராயன் பக்கம் திரும்பினார். "லீவு முடிஞ்சு நேரா கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்துடு. ஏன் பதினாலு வந்துச்சுன்னு மட்டும் நான் கேக்க மாட்டேன்."

அதன்பிறகு எல்லா ஆயுத பூஜைக்கும் திம்மராயன் ஓர் உதிரி மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே நடந்தார். பிற்பாடு அந்தக் கேபிளையே கழற்றி எறிந்தபோது, பழைய மூடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். நஞ்சம்மாவின் அந்த ஊக்கை இன்றுவரை அவர் திருப்பித் தரவில்லையாம்.

தளி ரோட்டுப் பக்கம் போனால் கட்டாயம் அந்தக் கடைக்குள் ஏறி, டம்ளரைத் தூக்கி மோந்து பாருங்கள். புளி வாசம் இன்னும் வருகிறது என்று அண்ணன் சத்தியம் செய்கிறார். சிப்காட்டில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.