தெரியாத நம்பர்

சிரித்துக்கொண்டு வருகிற ஆட்களை நான் நம்புவதில்லை. தொழிற்சாலையை மெக்சிக்கோவுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று மற்றவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அதுவரை ஒரு கோப்பிகூட வாங்கித் தராத மனேஜர் ஒருநாள் மத்தியானம் எல்லோருக்கும் பீட்சா வாங்கித் தந்தார். சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு பேர் கமெராவோடு வந்து, எங்கள் முகங்களை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் படம் பிடித்தார்கள். காருக்குள் ஓடுகிற வயர்களை நிறம் பார்த்துக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. அதை மெதுவாகச் செய்து காட்டச் சொன்னார்கள். பயிற்சிக்காம். யாருக்குப் பயிற்சி என்று கேட்டேன். மனேஜர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த குளிர்காலம் வருவதற்குள் நாங்கள் நின்று வேலை செய்த மேசைகளையும் கழற்றி லொறியில் ஏற்றிவிட்டார்கள்.

அப்படியிருக்க, வேலை இழந்த எங்களுக்கென்று பக்கத்து மில்லிக்கன் பகுதியில் அரசாங்கம் ஓர் உதவி நிலையம் திறந்திருக்கிறது என்றதும் நான் துள்ளிக் குதிக்கவில்லை. புதிய தொழில் படிக்கச் செலவு தருவார்களாம். படித்து முடியும்வரை வீட்டுச் செலவுக்கும் தருவார்களாம். எந்த அரசாங்கம் சும்மா தரும்? பின்னால் பென்சனில் பிடித்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன்.

போகாமலும் இருக்க முடியவில்லை. எங்கள் வீடுகள் இருக்கும் மோர்னிங்சைடிலிருந்து வேலைக்கு ஒரே காரில் போய்வந்த நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கும் அதே காரில் போனோம். காரோட்டிய அக்காவும் நானும் யாழ்ப்பாணம். பின்சீட்டில் இருந்தவள் எங்களைவிட இளையவள், திருச்சிப் பக்கம். வழியில் அக்கா எங்களுக்குப் புத்தி சொன்னா.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. கூட ஒரு சொல்லும் கதையாதேங்கோ."

இது அக்காவின் சொந்தச் சரக்கல்ல. அகதி விசாரணைக்குப் போகும்போது வக்கீலின் மொழிபெயர்ப்பாளர் எங்கள் எல்லோருக்கும் சொல்லித் தந்தது. அதன்படி நடந்து எங்களுக்கு இங்கே இருக்கப் பேப்பர் கிடைத்தது. அதற்குப் பிறகு டொக்டரிடமும், பாங்கிலும், பிள்ளைகளின் ரீச்சரிடமும் அப்படியே நடந்தோம். அகதியாக வராத திருச்சிக்காரி, எதற்காக மறைக்க வேண்டும் என்று சிரித்தாள். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு எங்கே விளங்கப்போகிறது.

நிலையம் ஒரு பிளாசாவில், தலைமயிர் வெட்டும் கடைக்கும் பபிள் ரீ கடைக்கும் நடுவில் இருந்தது. ஆலோசகப் பெண் பிஸ்கற் தட்டை என் பக்கம் தள்ளி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். தொழிற்சாலையில் வேலை செய்தேன் என்றேன். வேறு? வேறொன்றுமில்லை. அவள் பொறுத்திருந்தாள். நானும் பொறுத்திருந்தேன். அந்த விளையாட்டில் என்னை வெல்ல ஆளில்லை. பிஸ்கற்றையும் தொடவில்லை.

அவளுடைய அறையை விட்டு வெளியே வந்தபோது சுவரில் ஒரு போஸ்டரைக் கண்டேன். ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கி அடுக்குகிற வேலைக்கான படிப்பு. ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். ஐம்பது தாண்டிய என்னை, தற்காலிக வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்சிக்காரர்கள் அனுப்புவது குளிரூட்டிய கிடங்குகளுக்குத்தான். அங்கே ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வந்து, வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன். அந்தப் படிப்பு எனக்கு வேண்டும் போலிருந்தது. இந்த நாட்டில் வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ஆலோசகப் பெண் அந்தப் பக்கம் வர, பக்கத்திலிருந்த கலண்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். ஆசையைக் காட்டினால் அதைப் பிடித்தே ஆட்டிவைப்பார்கள்.

திருச்சிக்காரி உள்ளே போனவள் வரவேயில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால், அவள் என்னைக் கையால் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுரீரென்றது.

திரும்பி வரும்போது நான் அவளோடு பேசவில்லை. அன்று பின்னேரம் அக்கா போன் எடுத்தா.

"உவள் எங்களைப் பற்றி என்னவோ சொல்லிப்போட்டாள். கவனமா இரும்."

சொல்வதற்கு என்னிடம் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் குற்றம் இல்லாத ஆட்களை அடைத்து வைத்திருந்த இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன். மனம் ஆறவில்லை.

அடுத்த கிழமை என் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வரி அலுவலகம் என்று சொல்லி, பொலிஸ் வருகிறது என்று வெருட்டிக் காசு கறக்கிற கூட்டத்தைப் பற்றி இந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. நான் எடுக்கவில்லை. மறுநாளும் வந்தது. ஒரு பெண் என் பெயரைக் கடித்துக் குதறி ஒரு செய்தி விட்டிருந்தாள். முழுதாகக் கேட்காமல் அழித்தேன். பிறகு அந்த நம்பரையே தடுத்துவிட்டு, நல்ல கெட்டிக்காரி நான் என்று தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கதவு தட்டப்பட்டது. சங்கிலியைக் கழற்றாமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். திருச்சிக்காரி நின்றாள், தொப்பியெல்லாம் பனி.

"உங்க போனுக்கு என்னக்கா ஆச்சு? அந்தம்மா வாரம் பூரா கூப்பிட்டுட்டே இருந்திருக்காங்க."

உதவி நிலையத்துப் பெண்ணைத்தான் சொன்னாள். அந்தப் படிப்பில் கடைசியாக ஓர் இடம் இருந்ததாம். எனக்கென்று அன்று மத்தியானம் வரை பிடித்து வைத்திருந்தார்களாம். நான் போனை எடுக்காததால் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நிலையத்தையும் மாத முடிவில் மூடுகிறார்களாம். இதையெல்லாம் இவள் அறிந்ததே மத்தியானத்துக்குப் பிறகுதான். உடனே பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

அவ்வளவு ஆசைப்பட்ட இடம் கைவிட்டுப் போய்விட்டது. அப்படியும் என் வாயில் முதலில் வந்தது வேறு.

"என்னைப் பற்றி அவவிட்ட என்ன சொன்னீர்?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அந்தப் போஸ்டரையே பாத்துட்டு நின்னீங்கன்னு சொன்னேன். இவங்களுக்குக் குடுங்க, நல்லா செய்வாங்கன்னு சொன்னேன். வேற என்னக்கா சொல்ல முடியும்? இத்தன வருஷம் ஒரே கார்ல வந்தோம். உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களான்னுகூட எனக்குத் தெரியாது."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. சங்கிலியைக் கழற்றி அவளை உள்ளே வரச் சொன்னேன். இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் கல்கரியில் இருக்கிறாள் என்று தொடங்கினேன்.